"கூப்பன் கோடு கொடுத்தேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது"

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊரையும் கடைப் பெயரையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவனும் மனைவியுமாக மரச்செக்கு வைத்துக் கடலை, எள், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். சொந்தமாக ஒரு வெப்சைட் இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 70 லட்சம் ரூபாய் விற்பனை. இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குக் கட்டிய காசு கையைக் கடிக்க ஆரம்பித்ததும், உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்ன யோசனைப்படி யூடியூபில் சமையல், உடல்நலம் பேசுகிற 11 பேருக்கு ஆளுக்கொரு கூப்பன் கோடும் லிங்க்கும் கொடுத்தார்கள். விற்றால் 12 சதவீதம் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. பேச்செல்லாம் வாட்ஸப்பில்தான்.

அதில் சென்னையில் இருக்கும் ஒரு இளைஞர் நன்றாக விற்றுக் கொடுத்தார். முதல் மாதக் கமிஷன் 8,640 ரூபாய் போய்ச் சேர்ந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அவர் கணக்கில் 412 ஆர்டர், மதிப்பு 3,86,000 ரூபாய். ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் போன 137 பார்சல்கள் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்துவிட்டன. அவற்றின் மதிப்பு 1,21,000. பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. மூன்று வருடமாக இவர்களிடமே வாங்கும் தாராபுரத்து அம்மா ஒருவரின் ஆர்டர் திடீரென்று இந்தத் தம்பியின் லிங்க் வழியாக வந்திருக்கிறது. விசாரித்தால், இவர்கள் கடைப் பெயரையே கூகுளில் தேடினால் முதல் வரியில் வரும்படி அந்தத் தம்பி காசு கட்டி விளம்பரம் போட்டிருக்கிறார். இப்படி வந்த பழைய வாடிக்கையாளர்கள் 58 பேர், 61,000 ரூபாய்க்கு. கணவருக்குக் கோபம் வந்து கூப்பனை நிறுத்தி, நம்பரை பிளாக் செய்துவிட்டார். இப்போது 46,320 ரூபாய் கமிஷன், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதன்மேல் மூன்று மடங்கு வட்டி கேட்டு நோட்டீஸ். 15 நாள் அவகாசம்.

"பணம் குடுக்கறதுக்கு எனக்கொண்ணும் இல்லைங்க, ஏமாந்துட்டமோன்னுதான் மனசு கேக்கல" என்று எழுதிவிட்டு நான்கு கேள்வி கேட்டிருக்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே, பணம் கொடுத்தே ஆகவேண்டுமா? அவர் செய்தது மோசடிதானே, சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாமா? ஜிஎஸ்டியும் வட்டியும் சரியா? மற்ற 10 பேரை என்ன செய்வது? கடிதத்தை முடித்த பிறகு, பின்குறிப்பாக ஒரு வரி: "அவர் ஒரு வீடியோவில் நம்ம எண்ணெய் சாப்பிட்டா சுகர் குறையும்னு சொல்லியிருந்தார், நானும் ஆசையா ஸ்டேட்டஸ்ல வெச்சேன், அதனால ஏதும் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளையும் ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். 46,000 ரூபாய் என்பது பேசி முடிக்கிற தொகை. அந்த வீடியோ அப்படியல்ல.

முதலில் வீடியோ

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர் விற்றுக் கொடுத்தால் தரகு வாங்குவார். மாட்டுக்கு இல்லாத சுழியை இருக்கிறது என்று அவர் சொல்லி விற்றால், வாங்கியவன் நாளைக்கு யார் வீட்டு வாசலில் வந்து நிற்பான்? அஃபிலியேட் என்று இப்போது பெயர் மாறியிருக்கிறது, வேலை அதே தரகுதான். 1996இல் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை ஆரம்பித்ததிலிருந்து உலகம் முழுக்கக் கடைக்காரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம், விற்ற பிறகு காசு கொடுத்தால் போதும் என்பது. விளம்பரச் செலவின் ஆபத்தைத் தரகர் சுமக்கிறார். ஆனால் அவர் பேசுகிற பேச்சின் ஆபத்து உங்கள் தலையிலிருந்து இறங்குவதில்லை.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆம் பிரிவு, முகவர் தன் முதலாளிக்காகச் செய்யும் வேலையில் சொல்கிற பொய், முதலாளியே சொன்ன மாதிரி என்கிறது. அவர் உங்கள் முகவரே இல்லை, தனி ஆள் என்று வாதாட இடமுண்டு. சரி, வாதாடலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2006) 53ஆம் பிரிவு அந்த இடத்தையும் அடைத்துவிடுகிறது. தவறான உணவு விளம்பரத்தை வெளியிட்டவருக்கு மட்டுமல்ல, அந்த வெளியீட்டில் பங்கெடுத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கமிஷன் கொடுத்தீர்கள், வீடியோவை எடுத்துக் கடையின் ஸ்டேட்டஸிலும் வைத்தீர்கள். பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? உணவுப் பொருள் ஒரு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் நேராகவே தடுக்கின்றன. 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப் பட்டியலிலும் சர்க்கரை நோய் இருக்கிறது. எண்ணெய் உணவுதானே, மருந்து இல்லையே என்று அங்கேயும் பேசிப் பார்க்கலாம்தான். அந்தப் பேச்சு நடக்கிற இடத்துக்கே போகாமல் இருப்பது நல்லது.

இதற்கு மேல் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 21ஆம் பிரிவின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு விற்பவர் மீதும், பேசியவர் மீதும் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பேசியவரை ஒரு வருடம் வரை விளம்பரம் பேசாதே என்று தடுக்கவும் முடியும். இது அந்தத் தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கமிஷன் வாங்குவதை வீடியோவில் அவர் சொல்லவே இல்லை என்று ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்கிறேன். 2022 ஜூன் 9 அன்று வந்த வழிகாட்டு நெறிகளின்படி, பொருளை விற்பவரோடு பண உறவு இருந்தால் பார்ப்பவருக்கு அது தெளிவாகத் தெரியவேண்டும். பேசுவது தமிழ் என்றால் 'விளம்பரம்' என்ற சொல்லும் தமிழிலேயே, கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும். இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் கணக்கில் வராது.

ஆகவே இன்று இரவே மூன்று வேலை. உங்கள் பக்கங்கள் எதிலாவது அந்த வீடியோ இருந்தால், எங்கே, எப்போது வைத்தீர்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். கணவர் போட்ட பிளாக்கை எடுங்கள். அந்தத் தம்பிக்கு எழுதுங்கள்: "எங்கள் எண்ணெய் சர்க்கரையைக் குறைக்கும் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வீடியோவை உடனே நீக்கவும். கமிஷன் பற்றித் தனியாகப் பதில் தருகிறோம்." அவ்வளவு போதும். கோபமாக ஒரு சொல்கூட வேண்டாம். இந்த ஒரு மெசேஜ், நாளைக்கு யாராவது கேட்டால், தெரிந்தவுடன் தடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

எழுத்தில் இல்லை என்றால் ஒப்பந்தமே இல்லையா?

இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். நிலம் வாங்கவில்லை நீங்கள். "12 பர்சன்ட் தரோம் தம்பி" என்று நீங்கள் எழுதியதும் "ஓகே அக்கா" என்று அவர் எழுதியதும் ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவே சொல்கிறது. பணம் கேட்டு வழக்குப் போட அவருக்கு மூன்று வருடம் நேரம் இருக்கிறது.

ஆனால் வாட்ஸப் உங்களுக்கும் சாட்சி. நீங்கள் அனுப்பிய 34 ஸ்கிரீன்ஷாட்டில் 19ஆவதை நீங்களே சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். முதல் மாதக் கணக்கு அனுப்பும்போது "ரிட்டர்ன் வந்த 9 ஆர்டர் கழிச்சிருக்கேன் தம்பி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அவர் பதில்: "சரிதான் அக்கா, 8,640 வந்துருச்சு", கூடவே கும்பிடுகிற கை ஒன்று. இதுதான் உங்கள் வழக்கு. திரும்பி வந்த பார்சலுக்குக் கமிஷன் இல்லை என்பது எழுதப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருவரும் அப்படித்தான் நடந்துகொண்டீர்கள், அவரும் ஒத்துக்கொண்டு பணம் வாங்கியிருக்கிறார். இன்றைக்கு வந்து 137 பார்சலுக்கும் சேர்த்துக் கேட்பது எடுபடாது. கூரியர் கம்பெனியின் ரிட்டர்ன் ரிப்போர்ட்டை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்யவேண்டியிருக்கும், மூலப் பதிவு கையில் இருந்தால் வேலை சுலபம்.

கணக்கு இப்படி வருகிறது. 3,86,000இல் 1,21,000 போனால் 2,65,000. அதில் 12 சதவீதம் 31,800 ரூபாய்.

உங்கள் பெயரிலேயே விளம்பரம் போட்டது

உங்களை அதிகம் புண்படுத்தியது இதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. நடந்தது என்ன என்று ஒரு தடவை மெதுவாகப் பார்க்கலாம். தாராபுரத்து அம்மா எண்ணெய் தீர்ந்துபோய் வழக்கம்போல உங்கள் கடைப் பெயரை கூகுளில் அடிக்கிறார். உங்கள் வெப்சைட் முதலில் வந்திருக்கவேண்டும். அதற்கு மேலே 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாகப் போட்டு இன்னொரு வரி நிற்கிறது. அதைத் தொடுகிறார். உங்கள் வெப்சைட்தான் திறக்கிறது, ஆனால் போகிற வழியில் அந்தத் தம்பியின் குறி அவர் போனில் ஒட்டிக்கொள்கிறது. ஆர்டர் விழுந்தால் கமிஷன் தம்பிக்கு. வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த விருந்தாளியை வாசற்படியில் நிறுத்தி "நான்தான் கூட்டிவந்தேன்" என்று சொல்கிற வேலை. இந்தத் தொழிலில் இதற்கு பிராண்ட் பிட்டிங் என்று பெயர். பெரிய கம்பெனிகள் தங்கள் அஃபிலியேட் ஒப்பந்தத்தில் இதைத் தடுத்து ஒரு வரி எழுதாமல் விடுவது அபூர்வம்.

மோசடியா? நியாயமில்லாத வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரிமினல் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஈபே நிறுவனத்துக்கு அதிகம் விற்றுக் கொடுத்ததாகக் காட்டிய முதல் இரண்டு அஃபிலியேட்கள் 2014இல் ஜெயிலுக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் வாங்கிய கமிஷன் சுமார் 2.8 கோடி டாலர். ஆனால் அவர்கள் செய்தது வேறு. ஈபே பக்கம் போகவே போகாத ஆட்களின் கம்ப்யூட்டரிலும் அவர்களுக்குத் தெரியாமல் குக்கியை, அதாவது யார் லிங்க் வழியாக வந்தார் என்று காட்டும் குறியை, செருகி, அவர்கள் பின்னால் தற்செயலாக வாங்கியபோதெல்லாம் கமிஷன் எடுத்தார்கள். உங்கள் விஷயத்தில் விளம்பரம் வெளிப்படையாக நின்றது, அந்த அம்மா தானாகத் தொட்டார், வாங்கியது உங்கள் எண்ணெய். சைபர் கிரைமில் புகார் கொடுத்தால் "சிவில் விஷயம்மா" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். எதிராளிக்கும் அது ஒரு பிடி கொடுக்கும்.

கடைப் பெயரை அவர் பயன்படுத்தியது டிரேட்மார்க் மீறலா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். கூகுளுக்கும் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிறர் வணிகப் பெயரை விளம்பரக் குறிச்சொல்லாக வாங்குவதும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதுதான் என்றது. கூடவே, அது மட்டுமே மீறல் ஆகிவிடாது, வாங்குபவர் குழம்பவேண்டும் என்றும் சொன்னது. இங்கே குழப்பம் எங்கே? உங்கள் பெயரைத் தேடியவர் உங்கள் கடைக்கே வந்திருக்கிறார். போதாததற்கு உங்கள் பெயரை நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். இந்த நோட்டீஸுக்கு அது உதவாது, ஆனாலும் செய்துவிடுங்கள்.

அந்த 58 பேரின் ஆர்டர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எது விளம்பரத்தைத் தொட்டு லிங்க் வழியாக வந்தது, எது கூப்பனைத் தானே டைப் செய்து வந்தது என்று வெப்சைட் பின்பக்கத்தில் பிரித்துப் பாருங்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பன் போட்டிருந்தால் கமிஷன் கொடுத்துத்தான் ஆகவேண்டும். புது ஆளுக்கு மட்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே. மீதியில் சண்டை போடலாம். 58க்கும் சேர்த்தே கமிஷன் 7,320 ரூபாய்தான் என்பதையும் மறக்கவேண்டாம். என் கட்சிக்காரராக இருந்திருந்தால், தகராறு இல்லாத 24,480 ரூபாயை இப்போதே வங்கி வழியாக அனுப்பிவிட்டு, 7,320இல் பாதிக்கு முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். மொத்தம் 28,140. வழக்கு என்று இழுத்தால் வக்கீல் பீஸே அதைவிட அதிகமாகப் போய்விடும்.

நோட்டீஸில் மிரட்டுகிற இரண்டு வரிகள்

ஜிஎஸ்டி: 8,338 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள், பதிவு எண் எங்கேயும் இல்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. சேவை தருகிறவருக்குப் பொதுவாக ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். "பதிவு எண்ணோடு இன்வாய்ஸ் அனுப்பவும்" என்று ஒரு வரியில் பதில் போதும்.

மூன்று மடங்கு வட்டி: இதைச் சும்மா மிரட்டல் என்று தள்ளவேண்டாம். குறுசிறு நிறுவனங்கள் சட்டம் (2006) 15, 16ஆம் பிரிவுகளின்படி, பதிவு பெற்ற குறுநிறுவனத்துக்குப் பணம் தராமல் இழுத்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, பேசவில்லை என்றால் 15 நாள். யூடியூபில் பேசுகிற ஒருவரும் சேவை நிறுவனமாக உத்யம் பதிவு வாங்கலாம். அவரிடம் பதிவு எண்ணும் பதிவு செய்த தேதியும் கேளுங்கள். உங்களோடு வேலை முடிந்த பிறகு வாங்கிய பதிவு என்றால் அந்தக் கோரிக்கை பலவீனம். 24,480ஐ உடனே அனுப்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இதுதான்: கொடுத்த தொகைக்கு அதற்குமேல் வட்டி ஏறாது.

நீங்கள் கேட்காத ஒன்று, டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டுகிற வருமான வரி. பழைய வருமான வரிச் சட்டத்தில் 194எச் என்று எல்லோருக்கும் பழகிய பிரிவு. ஒருவருக்கு ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் பிடிக்கவேண்டும். கடை உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால், முந்தைய வருட விற்பனை 1 கோடியைத் தாண்டாதவரை இது உங்களுக்கு இல்லை. நீங்களும் கணவரும் பார்ட்னர்ஷிப்பாகப் பதிந்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது, விற்பனை எவ்வளவு என்று பார்க்காமல் பிடிக்கவேண்டும். கடிதத்தில் 'எங்க கம்பெனி' என்று மட்டும் இருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன் ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மற்ற 10 பேர்

நிறுத்தவேண்டாம். இந்த வழி தப்பில்லை, வரப்பு போடாமல் தண்ணீர் பாய்ச்சியதுதான் தப்பு. ஒவ்வொருவரின் வீடியோவையும் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். சர்க்கரை, கொழுப்பு, மூட்டு வலி என்று நோய்ப் பெயர் எங்கே வந்தாலும் எடுக்கச் சொல்லி எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தமிழிலேயே ஓர் ஒப்பந்தம் எழுதி எல்லோரிடமும் "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். அதில் இவை இருக்கட்டும்:

கமிஷன் எப்போது பிறக்கிறது: பார்சல் போய்ச் சேர்ந்து, திருப்பும் காலம் முடிந்து, பணம் கைக்கு வந்த பிறகு. லிங்க்கைத் தொட்டு எத்தனை நாளுக்குள் வாங்கினால் கணக்கு என்பதையும் எண்ணில் எழுதுங்கள். அமேசான் பொதுவாக 24 மணி நேரம் மட்டும் தருகிறது. உங்களுக்கு ஏழு நாள் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

என்ன செய்யக்கூடாது: கடைப் பெயரிலோ அதன் எழுத்துப்பிழை வடிவத்திலோ விளம்பரம் வாங்கக்கூடாது. கூப்பனை, கூப்பன் திரட்டுகிற தளங்களில் போடக்கூடாது. கடைசி நிமிடத்தில் பணம் கட்டப்போகிறவர் அங்கே போய்க் கோடு தேடி எடுத்துவந்தால், தள்ளுபடியும் உங்கள் காசு, கமிஷனும் உங்கள் காசு.

என்ன பேசலாம்: நீங்கள் எழுதித் தருகிற வாசகங்கள் மட்டும். எப்படி ஆட்டுகிறீர்கள், கடலை எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் கெடாது, தாளிக்கும்போது என்ன வாசம். இவை எல்லாம் உண்மை, எண்ணெய் விற்பதற்கு இவையே போதும். 'விளம்பரம்' என்ற சொல் கட்டாயம்.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருக்கவேண்டாம். உங்கள் ஊரிலேயே ஒரு வக்கீலிடம் ஸ்கிரீன்ஷாட் 19ஐயும் கூரியர் ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள், பதில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியைச் சொன்னீர்கள், அது உங்கள் கைக்கு வந்த தேதியைச் சொல்லவில்லை. தபால் உறையைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 15 நாளை அதிலிருக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் எண்ணவேண்டும்.